முதல்ல வயரைப் பாருங்கோ

ஒன்பது நாள் நான் கோட் வாசித்தேன். எனக்குக் கோட் வாசிக்கத் தெரியாது, அது வேற கதை. கலைப்பீடம், மூன்றாம் வருடம். சி மொழியில் எழுதின ஒரு நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வரியில் பிழை இருக்கும் என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் பின்னேரம்தான் தெரிந்தது, பிழை கோட்டில இல்லை, வயரில.

இதை எழுத வேண்டும் என்று நினைத்ததே அந்த ஒன்பது நாளுக்காகத்தான். ஒரு கருவி வேலை செய்யாவிட்டால் எங்களில் நிறையப் பேர் முதலில் சந்தேகப்படுவது எங்கட மூளையை. ‘எனக்கு இது விளங்காது’ என்பதிலிருந்து தொடங்குகிறோம். தொடங்க வேண்டிய இடம் அது இல்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கட வீட்டில் ஒரு நின்டென்டோ ஸ்விட்ச் இருக்கிறது. மொன்றியலில் இருக்கிற அத்தையின்ர மகன் புதுசு வாங்கினதும் பழையதை அனுப்பிவிட்டான். அனுப்பினது எனக்கு. ஆனால் பிடித்துக்கொண்டது சித்தப்பா. சித்தப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. ஏன் என்று எங்கட ஊரில யாரும் கேக்கிறதில்லை, நானும் இங்க எழுதப் போறதில்லை. அவர் விளையாடுவது போக்கிமோன் ஸ்வோர்ட், 2019 நவம்பரில் வந்த விளையாட்டு. அதில் ‘கசுவல் கொன்ரோல்ஸ்’ என்று ஒரு செற்றிங் இருக்கு. அதைப் போட்டால் இடது பக்கத்து எல் பட்டன் ஏ பட்டனின் வேலையையும் செய்யும். ஒரு கையாலேயே விளையாடலாம். அப்படித்தான் அவர் முழுக்கதையையும் முடித்தார். முறை முறையாக அடிபடுகிற சண்டை என்பதால் அவசரமும் இல்லை.

பிரச்சினை வூலூவில் வந்தது. வூலூ என்பது அந்த விளையாட்டில் வருகிற செம்மறி. பஞ்சுப் பந்து மாதிரி உருண்டு திரியும். ஒரு காலத்தில் வீட்டில் மறி வளர்த்தவர், அதைக் கண்டதும் ஆள் விழுந்திட்டார். வழமையான வூலூ வெள்ளை. ஷைனி என்று சொல்லுகிற அபூர்வ வூலூ கறுப்பு. சித்தப்பாவுக்குக் கறுப்பு மறி வேணும்.

சும்மா முட்டை பொரிக்க வைத்தால் ஷைனி வருவதற்கான வாய்ப்பு 4096 இல் ஒன்று. தாயும் தகப்பனும் வேறு வேறு மொழி விளையாட்டுகளிலிருந்து வந்திருந்தால் அது 683 இல் ஒன்றாகும். அந்த விளையாட்டுகளை உருவாக்கினவர்களில் ஒருவரான மசூதா ஜுனிச்சியின் பெயரால் இதை மசூதா முறை என்பார்கள். அத்தையின்ர மகன் பிரெஞ்சு மொழியில் விளையாடுகிறவன், அவனிடமிருந்து ஒன்று வாங்கியாச்சு. ஆனாலும் 683 முட்டை பொரித்தால் கட்டாயம் ஒன்று வரும் என்று அர்த்தமில்லை. அத்தனையும் பொரித்த பிறகும் ஒன்றும் கிடைக்காமல் இருப்பதற்கு நூற்றுக்கு 37 வீத வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு முட்டைக்கும் சைக்கிளில் சுற்ற வேண்டும், அமத்த வேண்டும், திரும்பவும் சுற்ற வேண்டும். எல்லா வேலையும் இடது கைக்கு. ஒரு மணித்தியாலத்தில் கை விறைத்துவிடும். இரவில் சித்தி எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவதைப் பார்த்த பிறகுதான் நான் தேடத் தொடங்கினேன்.

தேடினதில் கிடைத்தது இதுதான்: உள்ளங்கையை விடச் சின்ன ஒரு போர்ட்டை ஸ்விட்சில் சொருகினால், அது தன்னை ஒரு கொன்ரோலர் என்று சொல்லிக்கொண்டு எங்களுக்குப் பதிலாகப் பட்டன் அமத்தும். கொன்சோலைத் திறக்கத் தேவையில்லை, உள்ளே ஒன்றையும் மாற்றத் தேவையில்லை.

இது எப்படிச் சாத்தியமானது என்பது சின்னதாக ஒரு நல்ல கதை. 2016 இல் வீ யூ கொன்சோலுக்கு போக்கன் என்ற சண்டை விளையாட்டு வந்தபோது, ஹோரி என்ற கொம்பனி அதற்கென்று வயர் வைத்த ஒரு கொன்ரோலரைச் செய்தது. 2017 யூனில் ஸ்விட்சுக்கு வந்த 3.0 அப்டேற் அந்தப் பழைய கொன்ரோலரையும் ஏற்றுக்கொண்டது. யுஎஸ்பியில் எந்தச் சாமானைச் சொருகினாலும் கொன்சோல் முதலில் ‘நீ ஆர்?’ என்று கேட்கும். சாமான் இரண்டு இலக்கங்களைச் சொல்லும், ஒன்று செய்த கொம்பனிக்கு, மற்றது பொருளுக்கு. போக்கன் கொன்ரோலரின் இலக்கங்கள் 0எஃப்0டி, 0092. இந்த இரண்டையும் ஒழுங்காகச் சொல்லுகிற எந்தப் போர்ட்டையும் ஸ்விட்ச் கொன்ரோலர் என்று நம்பும். இதைக் கண்டுபிடித்தவர்கள் நிரலை எல்லோருக்கும் இலவசமாக விட்டார்கள். ஒருவர் அதை வைத்து ஸ்பிளாட்டூன் 2 இல் புள்ளி புள்ளியாகப் படம் கீற வைத்தார். இன்னொருவர் செல்டாவில் பனிப்பந்து உருட்டிக் காசு சேர்க்க வைத்தார். முட்டை பொரிக்கிறது அதற்குப் பிறகு வந்த வேலை.

இவ்வளவு லேசா என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன்.

முதலாவது அடி போர்ட்டிலேயே விழுந்தது. காணொளிகளில் எல்லோரும் ‘ஆர்டுயினோ ஊனோ’ என்றார்கள், நானும் ஒன்றை வாங்கினேன். அந்தக் காணொளிகளில் ஒருவரும் அழுத்திச் சொல்லாத விசயம் இது: அசல் ஊனோவில் யுஎஸ்பி ஓட்டைக்குப் பக்கத்தில் 16யூ2 என்ற இரண்டாவது சில்லு இருக்கும். கொன்ரோலராக நடிப்பது அந்தச் சில்லுதான், நடுவில் இருக்கிற பெரிய சில்லு இல்லை. மலிவுப் பிரதிகளில் நிறைய அந்த இடத்தில் சிஎச்340 என்ற வேறொரு சில்லை வைத்து வருகின்றன. மற்ற எல்லா வேலைக்கும் அது நல்லம். ஆனால் அதுக்கு நடிக்கத் தெரியாது, எவ்வளவு கோட் எழுதினாலும் நடிக்காது. வாங்க முன் யுஎஸ்பி ஓட்டையின் பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சதுரம் என்றால் பெரும்பாலும் 16யூ2. நீட்டாக இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தால் அது சிஎச்340. மேலே எழுதியும் இருக்கும், ஃபோன் கமராவில் பெருப்பித்து வாசிக்கலாம். காணொளி போட்டவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருக்கிற போர்ட் வேற, எங்கட கைக்கு வந்து சேருகிற போர்ட் வேற.

பிறகு லியொனார்டோ என்ற போர்ட்டை வாங்கினேன். அதில் பிரதான சில்லுக்கே யுஎஸ்பி பேசத் தெரியும் என்பதால் பிரதியும் வேலை செய்யும். பொறியியல் பீடத்தில் படிக்கிற எங்கட ஒழுங்கைப் பெடியன் ஒருவன் தன் அறையில் வைத்து நிரலை ஏற்றித் தந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டில் இருந்த வயரில் கொழுவி, ஸ்விட்ச் டொக்கில் சொருகினேன். போர்ட்டில் லைட் எரிந்தது. ஸ்விட்ச் அசையவில்லை.

பெடியனுக்கு எடுத்தால், ‘திரும்ப ஏத்திப் பார்’ என்றான். ஏத்தினேன். ‘வேற வேர்ஷனைப் போட்டுப் பார்’ என்றான். போட்டேன். அவன் சொன்னது எல்லாம் நிரலைப் பற்றித்தான், ஏனென்றால் அவனுக்கு நிரல்தான் தெரியும். நானும் நிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் எனக்கு நிரல்தான் தெரியாது. இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்பது நாள் போக்கினோம்.

ஒன்பதாம் நாள் சித்தப்பா வந்து பக்கத்தில் இருந்தார். அவர் முந்தி ரேடியோ திருத்தினவர். தொண்ணூறுகளில் ஊரில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்கள் அவர்கள். ‘வேற வயர் போட்டுப் பாத்தியா பிள்ளை?’ என்று கேட்டார். ‘லைட் எரியுது தானே சித்தப்பா’ என்றேன்.

‘லைட் எரியுதெண்டால் கரண்ட் வருது. அவ்வளவுதான். கதை போகுதோ எண்டு லைட்டுக்குத் தெரியாது.’

யுஎஸ்பி வயருக்குள் குறைந்தது நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு கரண்டுக்கு, இரண்டு பேச்சுக்கு. பவர் பாங்க், காது மெசின் மாதிரிச் சாமான்களோடு வருகிற வயர்கள் சிலதில் பேச்சுக் கம்பிகளே இருக்காது, சார்ஜ் மட்டும்தான் ஏறும். எங்கட வீட்டில் இருந்தது அப்படி ஒன்று. பெடியனின் அறையில் அவனுடைய வயரில் நிரல் ஏறியது, வீட்டில் எங்கட வயரில் போர்ட் ஊமை. வெளியில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரி, கறுப்பு.

கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த சித்தியின் தங்கச்சியிடம் ஃபோன் வயரை இரந்து வாங்கிப் போட்டோம். வேலை முடியவில்லை, ஆனால் வழி திறந்துவிட்டது. சித்தப்பாவின் ஒழுங்கு இது: முதல் கரண்ட், பிறகு வயர், பிறகு சாமான், கடைசியாகத்தான் உள்வேலை. மலிவானதையும் கழற்ற லேசானதையும் முதலில் பார். ஒரே நேரத்தில் இரண்டை மாத்தாதே, மாத்தினால் எது திருத்தினது என்று தெரியாமல் போகும்.

இன்னொன்றும் அவர் கேட்டார்: ‘இதை ஸ்விட்ச் இல்லாமல் சோதிக்க ஏலாதோ?’ ஏலும். போர்ட்டை அதே வயரோடு கொம்பியூட்டரில் சொருகினால், கேம் கொன்ரோலர் பட்டியலில் ‘போக்கன் கொன்ரோலர்’ என்று பெயர் வரும். விண்டோசில் ஜோய்.சிபிஎல் என்று தேடினால் அந்தப் பட்டியல் திறக்கும். பெயர் வந்தால் வயர் சரி, போர்ட் சரி, நிரல் சரி, சிக்கல் ஸ்விட்ச் பக்கம். வராவிட்டால் ஸ்விட்சைத் தொடவே தேவையில்லை. பிரச்சினையை நடுவில் வெட்டி, எந்தப் பாதியில் இருக்கு என்று பார்ப்பது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஒன்பது நாள் பத்து நிமிசமாகியிருக்கும்.

லியொனார்டோவில் ஒரு பொறி இருக்கு, அதையும் சொல்ல வேண்டும். ரீசெற் பட்டனை அமத்தினால் அது புது நிரல் வருமா என்று எட்டு செக்கன் அளவில் காத்திருக்கும். அந்த நேரம் அது கொன்ரோலர் இல்லை. நான் அமத்துவேன், இரண்டு செக்கன் பார்ப்பேன், ஒன்றும் இல்லை என்று திரும்ப அமத்துவேன். ஒவ்வொரு முறையும் எட்டைத் திரும்ப ஒன்றிலிருந்து தொடக்கிக்கொண்டிருந்தேன். என்ர அவசரம்தான் பழுது.

அடுத்தது ஸ்விட்ச் பக்கம். இது மிக எளிது, ஆனால் மிக அதிகமாகக் குழப்பியது. பெயர் வருகிறது, ஸ்விட்சும் ஏற்கிறது, ஆனால் விளையாட்டு அசையவில்லை. ஏனென்றால் சித்தப்பாவின் கொன்ரோலர் ஏற்கனவே முதலாவது ஆளாக இருக்கு, போர்ட் இரண்டாவது ஆளாகப் போய் நிற்குது. போக்கிமோன் இரண்டாவது ஆளின் பட்டனைக் கணக்கெடுக்காது. போர்ட் பாவம், தன்பாட்டுக்கு அமத்திக்கொண்டே இருந்திருக்கு. முகப்புத் திரையில் கொன்ரோலர் படத்துக்குள் போய், ‘கிரிப், ஓர்டர் மாற்று’ என்ற திரையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போர்ட்டைச் சொருக வேண்டும். நல்ல நிரல்கள் எல்லாம் எல், ஆர் இரண்டையும் சேர்த்து அமத்தியே தொடங்கும், அந்தத் திரையில் இடம் பிடிக்கத்தான். போர்ட் இடம் பிடித்த பிறகு மற்றக் கொன்ரோலரைத் தொடக்கூடாது. சித்தி மேசை துடைக்கும்போது ஒரு பட்டன் அமந்து இரண்டு முறை எல்லாம் குழம்பியது.

வயர் வேண்டாம், புளூடூத்திலேயே செய்வம் என்று பெடியன் ராஸ்பெரி பையைக் கொண்டுவந்தான். எனக்கு அதில் விருப்பமில்லை. லினக்சின் புளூடூத் சேவையில் உள்ள ‘இன்புட்’ என்ற பகுதி, கொன்ரோலராக நடிக்கத் தேவையான வாசலில் தானே போய்க் குந்திக்கொள்ளும். அதை நிறுத்திவிட்டுத்தான் நடிப்புத் தொடங்கும். அதுவும் சரிவந்தால் அலைவரிசை நெரிசல். வயர் இருக்கும்போது காற்றை நம்புவானேன்?

கடைசி வகைதான் விசித்திரம்: இணைப்பு அறாது, ஆனால் அறுந்த மாதிரியே இருக்கும். எங்கட போர்ட்டுக்குக் கண் இல்லை. திரையில் என்ன நடக்குது என்று தெரியாமல், இத்தனை செக்கன் சுற்று, இப்ப அமத்து, இத்தனை செக்கன் பொறு என்று மனப்பாடத்தில் போகும். விளையாட்டில் எழுத்து ஓடும் வேகத்தை வேகமாக வைக்காவிட்டால், அல்லது ‘பெயர் வைக்கவா’ என்ற கேள்வியை நிறுத்தாவிட்டால், போர்ட் ஒரு அடி முந்திவிடும். பிறகு அது ஒரு வழி, விளையாட்டு ஒரு வழி. பார்க்கிறவருக்குக் கொன்ரோலர் கழண்ட மாதிரித் தெரியும். முட்டையிலிருந்து வருவதைத் தானாகப் பெட்டிக்கு அனுப்புகிற செற்றிங்கையும் போட வேண்டும். ஓட்டோ சேவ்வைக் கட்டாயம் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கண் இல்லாத கை செய்த குழப்படியை விளையாட்டு நிரந்தரமாக எழுதி வைத்துவிடும். கரண்ட் வெட்டு வந்தால் இன்னும் மோசம். டொக்கில் கரண்ட் போனால் போர்ட் செத்துவிடும், ஸ்விட்ச் பற்றரியில் உயிரோடு இருக்கும். கரண்ட் வந்ததும் போர்ட் முதலாம் அடியிலிருந்து தொடங்கும், விளையாட்டு எங்கே நின்றது என்று அதுக்கு எப்படித் தெரியும்?

சரி, இது கள்ள விளையாட்டு இல்லையா? பெடியனே கேட்டான், நிரலை ஏற்றித் தந்த பிறகு. ‘நீங்கள் விளையாடேல்ல, போர்ட் விளையாடுது’ என்றான். இதில் எனக்கு ஒரு கோடு இருக்கு. எதிரில் இன்னொரு மனிசர் இருந்து, அவர் தன் கையால் விளையாடுகிறார் என்றால் நான் இதைச் சொருக மாட்டேன். தரவரிசைப் போட்டியில் போர்ட்டை விடுவது களவு, அதில் எனக்கு மறுகதை இல்லை. ஆனால் சித்தப்பாவுக்கு எதிரில் ஒருவரும் இல்லை. இருப்பது ஒரு சைக்கிளும் 683 என்ற இலக்கமும்தான். கதையை அவர் தன் கையால் முடித்தவர், சண்டைகளை இப்பவும் தானே பிடிக்கிறார். போர்ட்டிடம் கொடுத்தது சுற்றுகிற வேலையை மட்டும். இரண்டு முழுக் கை இருக்கிறவர் பொழுதுபோகாமல் அமத்துவது ‘நேர்மை’, அவர் அமத்தாமல் விடுவது ‘களவு’ என்றால், அந்த நேர்மையின் அளவுகோல் விரல் எண்ணிக்கையா?

இதே போர்ட்டால் வேறு வேலையும் நடக்கும். ஒரு பெரிய பட்டனை இணைத்து, அதைத் தட்டினால் நான்கு பட்டன்களை ஒழுங்காக அமத்துகிற மாதிரிச் செய்யலாம். காலால் மிதிக்கிற பட்டனும் வைக்கலாம். 2018 இல் எக்ஸ்பொக்ஸுக்கு அப்படியொரு தகவமைப்புக் கொன்ரோலர் வந்தது. ஆனால் அது எங்கட கடைத்தெருவில் தொங்குகிற சாமான் இல்லை. லியொனார்டோ தொங்குது. எங்கட ஊர்களில் கை கால் குறைந்த மனிசர் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

மற்றது, இந்த ‘ஆர்ட்ஸ்’ கதை. ஏ.எல்லில் பிரிவு எடுக்கிற அன்றைக்கே, ஆருக்கு எது விளங்கும் என்று எங்களுக்காக யாரோ முடிவு எடுத்துவிடுகிறார்கள். நாங்களும் அதை நம்பிவிடுகிறோம். நான் ஒன்பது நாள் கோட்டை வெறித்துப் பார்த்தது அந்த நம்பிக்கையால்தான். பழுது கட்டாயம் எனக்கு விளங்காத இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு நல்லாத் தெரிந்த வயரில் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. ரேடியோ திருத்தினவருக்கு சி மொழியும் தெரியாது, போக்கனும் தெரியாது. கேள்விகளை எந்த ஒழுங்கில் கேட்பது என்று தெரிந்திருந்தது.

பெடியன் இப்ப கொம்பியூட்டரோடு இணைத்து ஓட்டப் பார்க்கிறான். திரையைப் பிடிக்கிற ஒரு கருவியைப் பூட்டி, கறுப்பு மறி வந்தால் தானாக நிற்கச் செய்யலாமாம். போன கிழமை வந்து இரண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டினான், போர்ட் கட்டளை ஏற்கவில்லை. ஒன்றின் ரிஎக்ஸை மற்றதின் ஆர்எக்ஸுக்குக் கொடுக்க வேண்டும், வாயைக் காதுக்கு. அவன் வாயை வாய்க்குக் கொடுத்திருந்தான். கண்டுபிடித்தது நான். அவன் திரும்ப நிரலை ஏற்றப் போகும்போது, ‘முதல்ல வயரைப் பார்’ என்று சொன்னேன். கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்தது.

நேற்றிரவோடு 741 முட்டை. எல்லாம் வெள்ளை. சித்தப்பா கொப்பியில் கோடு போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. படுக்கப் போக முன் டொக்குக்குக் கிட்டக் குனிந்து, வயரை ஒருக்கா அமத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்.